அயிலையின் வால் ஏன் நிமிர்ந்து நிற்கிறது

போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தூக்கக் கலக்கத்தில் காலை நீட்டி முறுக்கியது மட்டும்தான் ஞாபகம். அடுத்த நொடி சதை உருண்டு கல்லாகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் எழுந்து லைட்டைப் போட்டு, பாதத்தைப் பிடித்து விரல்களை முழங்கால் பக்கமாக மடக்கித் தள்ளினார். ஒரு நிமிஷத்தில் விட்டது. "நரம்பு சுருட்டிக்கிச்சு, வேறென்ன" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறுநாள் பதினோராம் வகுப்புக்கு நடத்த வேண்டிய பாடமே தசைச் சுருக்கம்தான். அதில் நான் பல வருஷமாக ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

பாடத்தில் இருப்பது இதுதான். தசை நார் முழுக்க சார்க்கோமியர் என்கிற சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றின் நீளம் சுமார் 2.2 மைக்ரோமீட்டர்; ஒரு மில்லிமீட்டருக்குள் நானூற்றுக்கு மேல் அடங்கும். உள்ளே மெல்லிசான ஆக்டின் இழை, தடிமனான மையோசின் இழை. தசை சுருங்கும்போது இந்த இரண்டு இழைகளும் சுருங்குவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கிக்கொண்டு போகின்றன. இதை 1954-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டு, ஒரே 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வெளியிட்டார்கள். ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, இன்னொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. இருவரும் சொந்தக்காரர்கள் இல்லை. இதைச் சொன்னால்தான் கடைசி பெஞ்ச் நிமிர்ந்து பார்க்கும்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கரைவலை தெரியும், அதனால் எனக்கு வேலை சுலபம். கயிற்றை இழுக்கிறவர்கள் ஒரு பிடி இழுத்ததும் கையை விட்டு, முன்னால் தள்ளிப் பிடித்து மறுபடி இழுக்க வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் விட்டால் கயிறு கடலுக்குள் ஓடிவிடும். அதனால் ஆளாளுக்கு மாறி மாறி விட்டுப் பிடிப்பார்கள். மையோசின் இழையிலிருந்து கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற தலைகளும் அப்படியே ஆக்டினைப் பிடித்து இழுக்கும். ஒரு தடிமன் இழையில் முந்நூறு தலைகள், ஒரு இழுப்புக்குப் பத்து நானோமீட்டருக்குள்தான் நகர்வு. எப்போது பிடிக்கலாம் என்பதைச் சொல்வது கால்சியம். நரம்பிலிருந்து தகவல் வந்ததும் அது சேமிப்பறையிலிருந்து கொட்டி, ஆக்டின் மேலிருக்கிற ட்ரோப்போனின் என்கிற புரதத்தில் உட்காரும். ஆக்டினை மூடியிருக்கிற ட்ரோப்போமையோசின் என்கிற இன்னொரு புரதம் விலகும், தலைகள் பிடிக்க இடம் கிடைக்கும்.

பிள்ளைகள் எல்லாரும் தப்பாக நினைக்கும் இடம் ஒன்று உண்டு. பிடிக்கத்தான் சக்தி வேண்டும், விடுவது தானாக நடக்கும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. செல்லுக்குச் சக்தி கொடுக்கிற ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று புதிதாக வந்து தலையில் ஒட்டினால்தான் மையோசின் தன் பிடியை விடும். சிந்திய கால்சியத்தை அள்ளித் திரும்பச் சேமிப்பறையில் போடவும் ஏ.டி.பி.தான் செலவு.

ஆச்சி இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. அழுகைக்கு நடுவே பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் துணியைக் கிழித்து, தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினார், கால் பெருவிரல் இரண்டையும் பிணைத்தார். "சீக்கிரம் கட்டுங்க, விறச்சுட்டா வாய் மூடாது" என்றார். அப்போது அவர்மேல் கோபம் வந்தது. மூச்சு நின்றபின் ஏ.டி.பி. தீர்ந்துகொண்டே வரும், தலைகள் பிடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும், தாடை மாதிரிச் சின்னத் தசைகளில் அது முதலில் தெரியும் என்பதெல்லாம் கல்லூரியில்தான் படித்தேன்.

மீன்காரம்மாவுக்கும் இது தெரியும். அயிலையின் தலையைப் பிடித்துப் படுக்கையாக நீட்டுவார், வால் தொங்காமல் குச்சி மாதிரி நிற்கும். "பாருங்க டீச்சர், விடிகாலத்துல பட்டது." வலையில் ரொம்பத் துடித்த மீன் சீக்கிரமே விறைத்துவிடும், இருந்த ஏ.டி.பி.யைத் துடிப்பிலேயே செலவழித்திருக்கும். நாள் போகப் போக நொதிகள் தசையை அரித்து வால் தொங்கிவிடும். அந்த மீனுக்கு நான் பேரம்கூடப் பேசுவதில்லை.

நான் செய்த தப்புக்கு வருகிறேன். கால் பிடிப்பதையும் பிணம் விறைப்பதையும் ஒரே கணக்கில் சேர்த்து, "ஏ.டி.பி. பத்தாம பூட்டிக்குது" என்று சொல்லி வந்தேன். உயிருள்ள தசையில் ஏ.டி.பி. அப்படி வற்றிப்போகாது. ராத்திரிக் கால்பிடிப்பில் தசையை இயக்குகிற நரம்பு நாம் கேட்காமலே தகவலை அனுப்பித் தள்ளுகிறது, தசை சொன்னதைச் செய்கிறது, அவ்வளவுதான். பாதத்தை மடக்கி இழுத்தால் தசைநாணில் இருக்கும் உணர்வி தண்டுவடம் வழியாக அந்த நரம்பை அடக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். வீட்டுக்காரர் சொன்ன 'நரம்பு' என்னுடைய பழைய விளக்கத்தைவிடச் சரிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பில் திருத்திச் சொன்னேன். ஒருத்தி கை தூக்கினாள். "அப்போ விறச்ச சதையில ஏ.டி.பி. ஊத்துனா அசையுமா டீச்சர்?"

அசையும். ஹங்கேரிக்காரர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி முயல் தசையைக் கிளிசரினில் ஊறப்போட்டு, குளிரில் மாதக்கணக்கில் வைத்திருந்து, பிறகு ஏ.டி.பி. கரைசலைக் காட்டினார். செத்த தசை சுருங்கியது. கூடவே கால்சியத்தை முழுக்க அகற்றிவிட்டால் அதே ஏ.டி.பி. விறைப்பை இளக்கிவிடும்.

வகுப்பு ஒரு நிமிஷம் கப்சிப். பிறகு அவளே, "அயிலைல செஞ்சு பாப்பமா?" என்றாள். எங்கள் ஆய்வகத்தில் கிளிசரின் இருக்கிறது. ஏ.டி.பி.க்குத்தான் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும்.