அரைத்த பிறகு

"பாதியை அரைக்காம வச்சுக்கலாமா, சார்?" என்றுதான் அந்த மாணவி கேட்டாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேண்டாம்மா, முழுசையும் போட்டுடு" என்றேன். அகேட் மில் கொஞ்ச நேரம் கடகடத்தது. காற்று கொண்டுவந்து படியவைத்த தூசு மண்ணான லோயஸ் முகப்பவுடர் மாதிரி ஆகிவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சாம்பிள் ஒரு பிடிதான். தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியின் வில்லைக்குக் கொஞ்சம், மண்ணின் பிறப்பிடம் காட்டும் ஐசோடோப்பு அளவுக்குக் கொஞ்சம் எடுக்க வேண்டும். அரைகுறையாகக் கலந்த மண்ணில் கனமான மணிகள் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் எண்ணே தப்பாகிவிடும். கருவியில் அளக்க வாங்கிய தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

முடிவு வந்தபோது, மண் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று காட்டும் சிஐஏ கீழ் அடுக்குகளில் 60-க்குக் கீழே. மேலே மூன்று அடுக்கில் 65-ஐத் தாண்டியிருந்தது. 1982-இல் நெஸ்பிட்டும் யங்கும் முன்வைத்த குறியீடு இது. மண் சிதையச் சிதையச் சோடியமும் கால்சியமும் பொட்டாசியமும் கரைந்து போகும், அலுமினியம் தங்கிவிடும். சிதையாத ஃபெல்ட்ஸ்பார் தாதுவுக்கு 50, அது முழுக்கச் சிதைந்து உண்டாகும் கயோலினைட் களிமண்ணுக்கு 100. கார்பனேட்டில் இருக்கும் கால்சியம் கணக்கில் புகுந்துவிடக் கூடாதென்று அசிட்டிக் அமிலத்தில் கழுவவும் வைத்திருந்தேன். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கறார்!

"மழை கூடியிருக்கிறது, சிதைவு கூடியிருக்கிறது" என்று எழுதினேன். அவள் படித்துவிட்டு, "காத்து வலு குறைஞ்சாலும் இப்படித்தானே வரும், சார்?" என்றாள்.

வரும். பலமான காற்று பருமனான குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் கொண்டுவந்து கொட்டும். காற்று தளர்ந்தால் நுண்ணிய களிமண் தாதுக்கள்தான் வந்து சேரும். அவை கிளம்பிய இடத்திலேயே சிதைந்து முடிந்தவை. படிந்த இடத்தில் ஒரு சொட்டு மழை பெய்யாமலே சிஐஏ ஏறிவிடும். தண்ணீரில் கலக்கிப் படியவிட்டு, பருமன்வாரியாகப் பிரித்து அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் பருமன் என்ற ஒன்றையே நான்தான் அரைத்துவிட்டேனே.

நியோடிமியம் ஐசோடோப்பு விகிதம் மேலேயும் கீழேயும் ஒன்றுதான். ஸ்ட்ரான்ஷியம் போல அது மணியின் பருமனுக்கு ஏற்ப ஆடாது என்பதால், மண்ணின் பிறப்பிடம் மாறவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அதே சமயம் சிர்க்கோனியம் அந்த மூன்று அடுக்கில் இறங்கியிருந்தது. சிர்க்கான் மணிகள் கனமானவை; மெல்லிய காற்று அவற்றைத் தூக்காது. அதாவது அவள் சொன்னது சரியாக இருக்கலாம். நான் சொன்னதும் கூடவே சரியாக இருக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காதே. இப்படி எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டு இருக்கிறேன்.

கடைசியில் அறிக்கையில் "மணிப்பருமனின் பங்கையும் ஒதுக்க முடியாது" என்று ஒரு வரி சேர்த்தேன். தலைப்பை மாற்றவில்லை. அவள் பெயரும் அதில் இருக்கிறது. மறுத்து எதுவும் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டாளா, அலுத்துப்போனாளா என்று நானும் கேட்கவில்லை.

போன வாரம் இன்னொரு தொகுதி வந்தது. இந்த முறையும் சாம்பிள் ஒரு பிடிக்கும் குறைவு. முழுசையும் அரைக்கத்தான் சொன்னேன். வேறு வழி இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மில்லுக்குப் பக்கத்தில் அவள்தான் நின்றிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.