பெரியப்பாவுக்கு மாணவர் சலுகை

வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் எங்கள் பெரியப்பா, அதைக் கணினியில் வரைவதற்கான ஆட்டோகேட் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிய கதையை அறியாதவர் பாளையங்கோட்டையில் இல்லை. யாராவது தப்பித் தவறி இருந்து, அலுவலகப் படியேறி வந்துவிட்டால், மோர் குடித்து முடிப்பதற்குள் அவரும் அறிந்துகொள்வார். 2010 பதிப்பு, நிரந்தர உரிமம், அதற்காக அடகுக்குப் போன பெரியம்மாவின் இரட்டை வடச் சங்கிலி, கண்ணாடிச் சட்டத்துக்குள் பிள்ளையார் படத்துக்குக் கீழே தொங்கும் பில். ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016-இல் நிரந்தர உரிமம் விற்பதையே நிறுத்திவிட்டுச் சந்தா முறைக்கு மாறிய பிறகு அந்தச் சட்டத்தின் மகிமை இன்னும் கூடிவிட்டது. ஆயுத பூஜையன்று முதல் சந்தனப் பொட்டு கணினிக்கு அல்ல, பில்லுக்குத்தான். எதிர்வரிசையில் கிராக் போட்ட, அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த, ஆட்டோகேட்டில் வரைந்து பிழைக்கும் அலுவலகங்கள் அனைத்தையும் அவர் 'கொக்கி போட்டு மின்சாரம் எடுக்கிறவர்கள்' என்ற ஒரே பெயரால் குறிப்பிடுவார்.

அப்பேர்ப்பட்டவருடைய பிளாட்டர் என்ற வரைபட அச்சுப்பொறியிலிருந்து போன வாரம் வெளிவந்த பெரிய ஏ1 தாளில், மேலே, கீழே, இடம், வலம் என நான்கு ஓரங்களிலும் பெரிய எழுத்தில், 'ப்ரொட்யூஸ்டு பை ஆன் ஆட்டோடெஸ்க் எஜுகேஷனல் ப்ராடக்ட்', அதாவது ஆட்டோடெஸ்கின் கல்விப் பதிப்பில் தயாரானது, என்று அச்சாகியிருந்தது. பெரியப்பா அதைக் கவனிக்கவில்லை. வீடு கட்டுகிற வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அதிலும் ஆங்கில ஆசிரியர். அவர் கவனிக்காமல் இருப்பாரா? தாளைச் சுற்றிச் சுற்றி நான்கு ஓரங்களையும் வாசித்து முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, படிக்கிற பிள்ளைகளை வைத்து வரைந்திருக்கிறீர்கள் போலிருக்கிறதே? படிக்கிற பிள்ளைக்குப் பஸ்ஸிலேயே டிக்கெட் கிடையாது. எனக்கு மட்டும் முழு ஃபீஸா?"

பெரியப்பா பேச்சின்றி எழுந்து பில்லைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். தலைமையாசிரியர் அதையும் வாசித்தார். அதிலிருந்த எழுத்துப் பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டினார். கட்டணத்தைப் பற்றிய தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு ஊஞ்சல். கூடத்தில் ஊஞ்சல் வேண்டும் என்று தலைமையாசிரியரின் துணைவியார் கேட்டதால், பெரியப்பா 'பாப்பா' என்ற ஃபோல்டரைத் திறந்து, அவர் மகளான எங்கள் அக்கா கட்டடக்கலை (பி.ஆர்க்.) படித்த காலத்தில் வரைந்து வைத்திருந்த ஊஞ்சல் பிளாக்கை, அதாவது எந்த வரைபடத்திலும் அப்படியே எடுத்து வைக்கக்கூடிய படத்துண்டை, எடுத்து செக்‌ஷனில் சேர்த்திருக்கிறார். அக்கா அன்று பயன்படுத்தியது மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்படும் கல்விப் பதிப்பு. படிக்கலாம், பழகலாம், காசு வாங்கிக்கொண்டு வேலை மட்டும் செய்யக்கூடாது. அது நியாயமான நிபந்தனை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பழைய பதிப்புகளின் முத்திரை, பாட்டி காலத்துத் தீட்டைப் போன்றது. கல்விப் பதிப்பில் பிறந்த ஒரு சிறு பிளாக்கைத் தொட்டாலே மொத்த டிராயிங்கும் தீட்டு, அந்த டிராயிங்கிலிருந்து ஒரு கதவை எடுத்து வேறொன்றில் வைத்தால் அதுவும் தீட்டு. தொடுவதற்கு முன் மென்பொருள் ஒரு பெட்டியைக் காட்டி எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் கணினி காட்டும் எந்தப் பெட்டியையும் பெரியப்பா வாசித்ததாக வரலாறு இல்லை.

ஊஞ்சலை அழித்துவிட்டு மறுபடி பிரிண்ட் போட்டார், முத்திரை இருந்தது. கோப்பின் உள்ளே விழுந்துவிட்ட அடையாளம் ஊஞ்சலோடு போவதில்லை என்று நான் சொல்லச் சொல்லக் கேளாமல், சந்தேகத்தின் பேரில் மாடிப்படியை அழித்தார், வாஷ்பேசினை அழித்தார், கழிப்பறையையும் அழித்தார். கடைசியில் தலைமையாசிரியருக்கு நான்கு சுவர்களும் நான்கு முத்திரைகளும் மட்டுமே மிஞ்சின.

இதில் வயிற்றெரிச்சலான செய்தி ஒன்று உண்டு. 2014 பதிப்புக்கு வந்த முதல் சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பிலிருந்தே, காசு கொடுத்து வாங்கும் ஆட்டோகேட்டில் இந்த எச்சரிக்கையையும் முத்திரையையும் நிறுவனம் எடுத்துவிட்டது. ஆகவே இதே கோப்பை எதிர்வரிசைக்காரர்கள் தங்களுடைய புதிய பதிப்பின் கிராக்கில் திறந்தால் தாள் பளிச்சென்று வரும். சங்கிலியை அடகு வைத்தவர் மாணவர். கொக்கி போட்டவர்கள் தொழில்முறை வல்லுநர்கள்.

துபாயிலிருந்து பேசிய அக்கா சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. எல்லா மென்பொருளும் இப்படி இல்லை, ரைனோ என்ற இன்னொரு வரைபட மென்பொருளின் மாணவர் உரிமம் காலாவதியே ஆகாது, படித்து முடித்தபின் அதிலேயே தொழிலும் செய்யலாம் என்று ஆறுதல் சொன்னாள். ரைனோ என்றால் காண்டாமிருகமா என்று பெரியப்பா கேட்டார். ஆமாம் என்றதும் மேற்கொண்டு பேச விரும்பவில்லை.

கோப்பை டி.எக்ஸ்.எஃப். என்ற வேறொரு கோப்பு வடிவில் சேமித்து, அதைத் திறந்து மறுபடி ஆட்டோகேட்டின் வழக்கமான டி.டபிள்யூ.ஜி. ஆக்கினால் முத்திரை போய்விடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த வைத்தியம். அதை நான் சொன்னதும், "அது அடையாளத்தை அழிக்கிற வேலை, உரிமம் வைத்திருக்கிறவன் ஏன் செய்யவேண்டும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பென் டிரைவில் இருந்த, ஊஞ்சல் வருவதற்கு முந்தைய பிரதியைத் திறந்து, தம் சொந்த உரிமத்தில், கோடு கோடாகப் புதிய ஊஞ்சலை வரைய உட்கார்ந்தார். அக்காவின் பழைய பிரிண்ட் ஒன்று பக்கத்தில் விரிந்திருந்தது. ஸ்கேலை வைத்து அளந்து அளந்து பார்த்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பெரியம்மா இரண்டு முறை கூப்பிட்டும் எழவில்லை. பாப்பா ஃபோல்டரை அழித்துவிடலாமா என்று நான் கேட்டதற்குக் கிடைத்த பார்வையை இங்கே எழுத இயலாது.

புதிய தாள் முத்திரையில்லாமல் வந்தது. அக்காவின் ஊஞ்சலில் இடப்பக்கச் சங்கிலி வலப்பக்கத்தைவிடச் சற்று நீளம், பலகை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். பெரியப்பா அந்தச் சாய்வையும் அளவு பிசகாமல் வரைந்திருந்தார். தலைமையாசிரியர் அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, கட்டணத்தில் இன்னொரு ஐந்நூறு ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.