சோளகமோ ரீச்சர்?

நான் கோண்டாவில்ல பிறந்து வளந்தனான், கிணறு, செம்மண், வாழைத்தோட்டம், அவ்வளவுதான் என்ர உலகம். நெடுந்தீவுக்கு படிப்பிக்கப் போகச்சொல்லி கடிதம் வந்தபோது குறிகட்டுவானுக்கு பஸ், பிறகு ஒரு மணித்தியாலம் போட் எண்டதைத் தவிர அந்தத் தீவைப் பற்றி ஒண்டும் தெரியாது, அதுவும் யாழ்ப்பாணம்தானே எண்டு நினைச்சுக்கொண்டு போனனான்.

முதல் கிழமை காலநிலைப் பாடம். தென்மேல் பருவக்காற்று மே தொடக்கம் செப்டெம்பர், வடகீழ் டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி எண்டு போர்ட்டில எழுதினன். பிள்ளையள் பேசாமல் பாத்துக்கொண்டிருந்தினம். கடைசி வாங்கில இருந்த பெடியன் ஒருத்தன் மெதுவா "சோளகமோ ரீச்சர்?" எண்டான். ஓம் எண்டதுதான், வகுப்பு முழுக்க கதைக்கத் தொடங்கீட்டுது, சோளகம் எழும்பினா கடல் எப்படி அடிக்கும், எப்ப வள்ளம் இறக்கேலாது, பனங்காய் எப்ப விழும், வாடைக்கு பட்டம் எப்படி ஏறும் எண்டு ஆளுக்கொரு கதை. நான் சோக்கைக் கையில வச்சபடி கேட்டுக்கொண்டு நிண்டன். சோளகம் எண்டு எங்கட அப்பம்மாவும் சொல்லுறவ. ஆனா புத்தகத்தில கிடக்கிறதும் அதே காத்துத்தான் எண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை.

பிறகு அஞ்சாம் வகுப்பு புலமைப்பரிசிலுக்கு ஒரு மாதிரி வினாத்தாள் செய்விச்சன். ஆற்றைக் கடக்க உதவுவது எது எண்டு ஒரு கேள்வி, விடை பாலம். அதே பெடியன் வள்ளம் எண்டு எழுதியிருந்தான். ஏனடா எண்டு கேக்க, "தண்ணியைக் கடக்கிறதெண்டா வள்ளத்திலதானே ரீச்சர்" எண்டான்.

அவன் எங்க ஆறு காணுறது? குடாநாட்டிலயே வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். மகாவலி 335 கிலோமீற்றர் எண்டு பாடமாக்கி எழுதி மாக்ஸ் எடுத்த நானே, பேராதனைக்குப் படிக்கப் போனபிறகுதான் அந்த ஆத்தைக் கண்ணால கண்டனான். எனக்கு அப்ப கிடைச்ச மாக்ஸ் இவனுக்கு ஏன் கிடைக்கக்கூடாது, கடலைப் பாத்து இண்டைக்கு போட் விடுமோ விடாதோ எண்டு சொல்லுற பிள்ளை இவன், அந்த அறிவுக்கு எந்தப் பேப்பரிலயும் ஒரு கேள்வி இல்லை. எனக்கு உண்மையாவே கோவம் வந்தது.

இப்ப போர்ட்டில ரெண்டு சொல்லையும் பக்கத்தில பக்கத்தில எழுதுறன், முதல்ல சோளகம், பிறகு தென்மேல் பருவக்காற்று. அவன்ர வள்ளத்துக்கும் சரி போட்டனான். ஆனா சோதினையில வந்தா பாலம் எண்டுதான் எழுதவேணும் எண்டும் சொல்லிக் குடுத்திட்டன், அவன் தலையாட்டிப்போட்டு வள்ளத்தை ரப்பரால அழிச்சான், அது இன்னும் எனக்கு மனசுக்குள்ள கிடந்து உறுத்துது.