டெல்டாவில் ஒரு ராம்சர் சுற்று: வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், முத்துப்பேட்டை, கோடியக்கரை

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை 11 கிலோமீட்டர்தான். அதற்கு ஒரு ஆட்டோக்காரர் 900 ரூபாய் கேட்டார், போக மட்டும். திரும்பி வருவதற்குத் தனிக் காசாம். "பறவை பாக்க வர்றவங்க எல்லாரும் குடுக்குறாங்கம்மா, நீங்கதான் யோசிக்கிறீங்க" என்றார். நான் யோசிக்கத்தான் செய்வேன். அந்த 900 ரூபாயில் எனக்கு இரண்டு நாள் சாப்பாடும் ஒரு இரவு அறையும் ஆகிவிடும். சீசனில் வெளியூர் முகத்தைப் பார்த்து விலை சொல்வது அநியாயம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்று பேருந்திலேயே போனேன். மீன் கூடைகளும் சிமெண்ட் மூட்டையும் ஏறிய வண்டி. கம்பியைப் பிடிக்கக்கூட இடமில்லை, ஆனாலும் சந்தோஷமாகவே நின்றேன்.

பொங்கல் கூட்டம் வடிந்ததும் கிளம்பிய பயணம் இது. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சர் நகரத்தில் சதுப்பு நிலங்களைக் காக்க ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏரி, குளமும் இதில் அடக்கம். இந்தியா 1982ல் சேர்ந்தது. தமிழ்நாட்டில் முதலில் அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறிய இடம் கோடியக்கரை, 2002ல். அப்புறம் இருபது வருடம் அந்த ஓரிடம்தான். 2022ல் மட்டும் பதின்மூன்று இடங்கள் ஏறின. பின்னால் இன்னும் நான்கு. 2025 பிப்ரவரியில் ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்து மொத்தம் 20 ஆனது. நாட்டிலேயே அதிகம். எண்ணிக்கையைக் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலில் ஏறிய மறுநாள் காலை அந்த ஏரியில் என்ன மாறுகிறது, யார் மாற்றுகிறார்கள்? அதைப் பார்க்கத்தான் போனேன்.

மன்னார்குடியிலிருந்து வடுவூருக்கு நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டி என்பதால் பயணச் செலவு பூஜ்யம். ஏரி சுமார் 112 ஹெக்டேர். கரையில் ஏறியதுமே நீர்க்காகங்களும் அரிவாள் மூக்கன்களும் கருவேல மரங்களை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தூரத்தில் வாத்துக் கூட்டம். ஊசிவால் வாத்துகள் என்று பக்கத்தில் தொலைநோக்கியோடு நின்ற கல்லூரி மாணவர் சொன்னார். அந்தப் பறவைகள் இமயமலைக்கு அப்பாலிருந்து வருபவை.

வடுவூர் பாசன ஏரி. அதாவது தண்ணீர் வனத்துறையின் கையில் இல்லை. பறவை வனத்துறையுடையது, தண்ணீர் நீர்வளத்துறையுடையது, வயல் விவசாயியுடையது. வடகிழக்குப் பருவமழையும் காவிரி வாய்க்காலும் சரியாக வந்தால்தான் மரங்களைச் சுற்றி நீர் நிற்கும். நீர் நின்றால்தான் நாயும் பூனையும் கூட்டை நெருங்காது. உதயமார்த்தாண்டபுரம் இன்னும் சின்னது, 45 ஹெக்டேருக்குள். அதற்கும் மேட்டூர்த் தண்ணீர்தான் உயிர். நத்தைகுத்தி நாரைகள் மரத்துக்கு மரம் கூடு வைத்து, பக்கத்து நெல்வயலில் நத்தை பொறுக்கி வந்து குஞ்சுக்குக் கொடுக்கின்றன. ஏரியை மட்டும் காத்து வயலில் விஷம் தெளித்தால் பயனில்லை.

அங்கே இருந்த காவலர் ஒருவரோடு பேசினேன். பெயர் வேண்டாம். "அண்ணே, ராம்சர் ஆனதுக்கப்புறம் உங்களுக்கு என்ன வேலை கூடிச்சு?" என்று கேட்டேன். சட்டென்று பதில் வந்தது. "எண்ணுற வேலைதாம்மா. முன்னாடியும் எண்ணுவோம். இப்ப எண்ணுனத அழுத்திக் கேக்குறாங்க."

இந்தப் பதில்தான் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். ஓர் இடம் ராம்சர் பட்டியலில் ஏற ஒன்பது அளவுகோல்கள் உண்டு, அவற்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும். அதில் ஒன்று, 20,000 நீர்ப்பறவைகளாவது வழக்கமாகத் தங்குவது. இன்னொன்று, ஏதாவது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதம் அங்கே இருப்பது. இதையெல்லாம் யார் சொல்வது? விடியற்காலையில் சேற்றில் நின்று, கூட்டத்தைப் பத்துப் பத்தாகவும் நூறு நூறாகவும் மனதில் வெட்டி எண்ணும் ஆட்கள்தான். வனக்காவலர், கல்லூரிப் பிள்ளைகள், பறவை ஆர்வலர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் பல ஏரிகளில் எண்ணுகிறார்கள். அந்த எண் மாநிலத்திலிருந்து தில்லிக்குப் போய், அங்கிருந்து ஸ்விட்சர்லாந்தின் கிளாண்ட் நகரத்தில் இருக்கும் ஒப்பந்தச் செயலகத்துக்குப் போகிறது. ஒவ்வோர் இடத்தின் தகவல் படிவத்தையும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒப்பந்தத்துக்குப் போலீஸ் கிடையாது, அபராதமும் கிடையாது. அதன் கண்ணும் காதும் இந்தக் காவலர்கள்தான். அவர்களுக்கு நல்ல தொலைநோக்கியும் ரப்பர் பூட்ஸும் நிரந்தரச் சம்பளமும் கொடுக்காமல் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பிடிமானம் தருவது நம் நாட்டு விதிகள்தான். 2017ல் வந்த சதுப்பு நில விதிகளின்படி ராம்சர் இடங்களில் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக்கூடாது, புதிதாகத் தொழிற்சாலை வைக்கக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, சுத்திகரிக்காத கழிவுநீர் விடக்கூடாது. வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. மாநிலச் சதுப்பு நில ஆணையம் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான். மத்திய திட்ட நிதி 60:40 என்ற கணக்கில் வரும், மீதி மாநிலம் போட வேண்டும். இதை அங்கேயே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துப் பெரியவரிடம் சொன்னேன். "அப்ப தூர் வாரவும் அந்தப் பணத்துலேந்து குடுப்பாங்களா?" என்று கேட்டார். அதைவிடச் சரியான கேள்வி இருக்க முடியாது.

முத்துப்பேட்டைக்கு வருகிறேன். முதலில் சாப்பாடு! கடைத்தெருவுக்குள் ஒரு சின்ன மெஸ். மடவை மீன் குழம்பு, கூடவே நண்டு வறுவல். மடவை காயலில் பிடித்த மீன். குழம்பில் புளி தூக்கலாக, மீன் சதை கரையாமல், முள் தனியாக எடுக்க வந்தது. வயிறு நிறைய சாப்பிட்டு 160 ரூபாய். இரண்டாவது முறை சோறு போட வந்த அக்கா, "இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கம்மா, காசு கெடையாது" என்று ஊற்றிவிட்டுப் போனார். அந்த ஆட்டோக்காரரும் இதே டெல்டாதான்!

அந்த மீன் வளர்வது அலையாத்திக் காட்டின் வேர்களுக்கு நடுவே. கோடியக்கரை ராம்சர் பரப்பு என்பது வெறும் சரணாலயம் இல்லை. தலைஞாயிறு காடு, பஞ்சநதிக்குளம் சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்தி எல்லாம் சேர்ந்து 38,500 ஹெக்டேர். ஜாம்பவானோடையிலிருந்து வனத்துறை அனுமதியோடு படகில் உள்ளே போகலாம். தனியாகப் போனால் படகுச் செலவு கையைக் கடிக்கும். காரைக்குடியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு பேசிச் சேர்ந்துகொண்டேன், என் பங்கு பாதிக்கும் கீழே வந்தது.

உள்ளே பார்த்த வாய்க்கால்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. பழைய காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் மண் காய்ந்து அமிழ்ந்து தொட்டி மாதிரி ஆகிவிட்டது. உள்ளே வந்த அலைநீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, கன்று நட்டால் கருகிவிடும் நிலை. வனத்துறை செய்தது, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மீன்முள் வாய்க்கால் என்கிறார்கள். அலை ஏறும்போது நீர் உள்ளே போகும், இறங்கும்போது உப்பை எடுத்துக்கொண்டு வெளியே வரும். வாய்க்கால் ஓரத்தில் அலையாத்தி விதையை ஊன்றினால் பிடித்துக்கொள்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமத்து மக்களும் இதில் வனத்துறையோடு நின்றார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் காட்டைப் போட்டு முறித்தது. பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் காலடியில் இளசுகள் இடுப்பளவுக்கு வந்திருப்பதைப் பார்த்தபோது எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

மீனவர்களை வெளியே தள்ளிவிட்டுக் காட்டைக் காப்பாற்றச் சொல்லவில்லை ராம்சர். நிலத்தின் இயல்பு கெடாமல் பயன்படுத்துங்கள் என்கிறது. இங்கே காயலை நம்பி வாய்க்கால் வெட்டி மீன்பிடிக்கும் ஊர்கள் இருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் போடும் எந்தத் திட்டமும் நிற்காது.

கோடியக்கரைச் சரணாலயம் 1967ல் வெளிமான்களுக்காக அறிவிக்கப்பட்டது. புல்வெளியில் கருத்த கடா ஒன்று கொம்பைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்துவிட்டேன். அந்தப் புல்வெளியைச் சீமைக்கருவேலம் தின்றுகொண்டே வருகிறது. வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுக்க வேண்டும், அடுத்த மழைக்கு முளைத்ததைத் திரும்பவும் பிடுங்க வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் மானுக்குப் புல் வேண்டும்.

பூநாரைகள் சதுப்பின் அந்தக் கோடியில் நீள வரிசையாக நின்றன. தொலைநோக்கி இல்லாவிட்டால் ஒரு வெளிர்சிவப்புக் கோடுதான் தெரியும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டி வருகிறது. வளையத்தில் எண் இருக்கும், வேறு நாட்டில் யார் கையிலாவது சிக்கினால் அது பறந்த வழி தெரியும். மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று 30 நாடுகளை இணைக்கும் பாதையில் இது ஒரு தங்குமிடம். வலசை விலங்குகளுக்கான 1979ல் ஜெர்மனியின் பான் நகரத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இந்தியா 1983லேயே சேர்ந்தது. 2020ல் அதன் மாநாடு காந்திநகரில் நடந்தது. சைபீரியாவில் காப்பாற்றிய உள்ளான் பறவைக்கு இங்கே சேறு இல்லையென்றால் அங்கே செய்ததெல்லாம் வீண்.

சுற்றிலும் உப்பளங்கள், இறால் பண்ணைகள். நீரின் உப்பளவு மாறினால் சேற்றுப் புழுவும் பூச்சியும் மாறும், பறவையின் சாப்பாடு போகும். ஓர் இடத்தின் இயல்பு கெடுகிறது என்றால் அரசே ஒப்பந்தச் செயலகத்துக்குச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட இடங்களுக்கு மான்ட்ரூ பதிவேடு என்று தனிப் பட்டியல் இருக்கிறது. ஒடிசாவின் சிலிகா 1993ல் அதில் ஏறியது. கடல் முகத்துவாரத்தைத் திறந்து ஏரியை மீட்டதால் 2002ல் வெளியே வந்தது. கெட்டதை ஒளிக்காமல் எழுதியதால் மீண்ட ஏரி அது. நம் வேதாரண்யச் சதுப்பைப் பற்றியும் அதே நேர்மையோடு எழுதட்டும் என்பதுதான் என் ஆசை.

சரி, போக நினைப்பவர்களுக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். வேதாரண்யத்தில் தங்கினால் மலிவு. ஆனால் அறை எடுக்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள், எனக்குக் கிடைத்த விடுதியில் இரவெல்லாம் தண்ணீர் இல்லை, 700 ரூபாய் முன்பணமும் திரும்ப வரவில்லை. கோடியக்கரையில் காலை ஆறு மணிக்குள் இருக்க வேண்டுமென்றால் ஆட்டோவைச் சேர்ந்து பிடியுங்கள், போக வரப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்துக்குப் பக்கத்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023லிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது, நேரம் ஒத்துவந்தால் அதுதான் சல்லிசு. முத்துப்பேட்டைப் படகுக்கு வனத்துறையிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள். மடவைக் குழம்பு மதியம் ஒன்றரைக்குள் தீர்ந்துவிடும்.