டெலெடாவின் அடுப்படி

இத்தாலியின் சார்டினியா தீவிலிருந்து நேற்றிரவுதான் திரும்பினேன். செலவுக் கணக்கை முதலில் எழுதுவதாக நண்பர்களுக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் நுவோரோ நகரில் பார்த்த ஓர் அடுப்படி மனத்தை விட்டு அகலாததால் அதையே முதலில் எழுதுகிறேன்.

1926ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசைப் பெற்ற கிராசியா டெலெடா வளர்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். மாடி அறைகளை விரைவாகப் பார்த்து முடித்தேன். சமையலறையில்தான் கால் நகரவில்லை. அவருடைய தந்தை நிலபுலன் உள்ளவர்; சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வருவோர் இங்கே தங்கிச் செல்வார்கள். நான்காம் வகுப்போடு பள்ளியை முடித்துக்கொண்ட அந்தப் பெண், இடையர்களும் பண்ணையாட்களும் பேசுவதைக் கேட்டு வளர்ந்தார். 1900இல் மணமாகி ரோம் நகருக்குக் குடிபெயர்ந்த பிறகும் பெரும்பாலும் இந்த மண்ணின் மக்களைப் பற்றியே எழுதினார். அடுப்பின் முன் நின்றபோதுதான் அது ஏன் என்று எனக்கு முழுமையாக விளங்கியது.

மதியம் பானே ஃப்ராட்டாவு சாப்பிட்டேன். இடையர்கள் மலைக்கு எடுத்துச் செல்லும், அப்பளம் போல மெல்லிய ரொட்டியைச் சூடான சாற்றில் நனைத்து, தக்காளிக் குழம்பும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் சேர்த்து, மேலே ஒரு முட்டையை வைத்துத் தருகிறார்கள். 11 யூரோவுக்கு இந்தப் பயணத்திலேயே மிகச் சிறந்த உணவு அதுதான்!

அந்த நிறைவு மாலைவரை நீடிக்கவில்லை. 1913இல் வெளிவந்த, டெலெடாவின் 'காற்றில் நாணல்கள்' நாவலின் களமான கல்தெல்லி என்ற ஊருக்குப் போக நின்றால், அட்டவணையில் இருந்த பேருந்து வரவேயில்லை. வாடகைக் காரோட்டி போகவர 90 யூரோ கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேறு வழியில்லை என்பதை அறிந்தே கேட்டார். இது அநியாயம். இரண்டு நாள் சாப்பாட்டுப் பணம் போயிற்று. ஆனாலும் செத்ரீனோ ஆற்றுச் சமவெளியைப் பார்த்தபோது, அந்த நாவலில் பல ஆண்டுகளாகக் கூலியே பெறாமல் மூன்று சகோதரிகளின் சிறு நிலத்தைக் காத்துவரும் வேலைக்காரர் எஃபிக்ஸ் அங்கே குனிந்து வேலை செய்வதாகவே தோன்றியது.

மறுநாள் காலை ஓர்த்தொபேனே மலையடிவாரத்திலுள்ள சொலித்தூதினே தேவாலயத்துக்கு நடந்தே போனேன். 1936இல் ரோமில் இறந்த டெலெடாவை 1959இல் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். கறுப்புக் கல்லறையருகே வெகுநேரம் நின்றேன். நான் இருந்தவரை வேறு யாரும் வரவில்லை.