கழுவின தண்ணியை எங்கே ஊத்தறது?

பெருந்துறைப் பக்கம் ஒரு கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒருநாள் பேவர் பிளாக் போடுகிறவர் ஒருவர் இரண்டு மூட்டைச் சாம்பலோடு வந்து இறங்கினார்.

"தம்பி, இதும் ஃபிளை ஆஷ்தானுங்க. குப்பை எரிக்கற எடத்துல சும்மாவே குடுக்கறாங்க. சிமெண்டுல அஞ்சுல ஒரு பங்கைக் கொறச்சுட்டு இதைப் போட்டுக்கலாமுங்களா?"

எங்கள் பக்கம் ஃபிளை ஆஷ் என்றால் மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான். நிலக்கரிச் சாம்பலை பிபிசி (PPC) என்கிற சாம்பல் கலந்த சிமெண்டில் 35 சதவீதம் வரை கலக்கிறார்கள். அந்தப் பெயர்தான் அவரை ஏமாற்றிவிட்டது. குப்பை உலைப் புகையில் பிடிக்கிற சாம்பல் வேறு ரகம். பிளாஸ்டிக்கிலிருந்தும் சாப்பாட்டு உப்பிலிருந்தும் வந்த குளோரைடு, புகையின் அமிலத்தை முறிக்கத் தூவிய சுண்ணாம்பு, ஈயம், துத்தநாகம், காட்மியம், டையாக்சின் என்கிற நச்சு எல்லாம் அதில்தான் வந்து சேரும்.

இருந்தாலும் போட்டுப் பார்த்தோம். மறுநாள் காலை, சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கட்டிகள், அதாவது கியூப்கள், அச்சுக்கு மேலே உப்பி நின்றன, மேலெல்லாம் பொத்தல். சாம்பலில் கிடந்த அலுமினியத் துணுக்குகள் சிமெண்டின் காரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜனைக் கக்கியிருந்தன. துத்தநாகம் இறுகவிடாமல் இழுத்துப் பிடித்ததால் ஓரங்கள் விரலுக்கே உதிர்ந்தன.

சாம்பலில் குளோரைடு, அதாவது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற உப்பு, 10 சதவீதத்துக்குக் குறையவில்லை. ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட் என்றால் 70 கிலோ இந்தச் சாம்பல். அதிலேயே 7 கிலோ குளோரைடு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 0.6 கிலோதான் அனுமதிக்கிறது. "நம்ம கல்லுல கம்பியே இல்லீங்களே" என்றார். கம்பி இல்லாததற்கும் 3 கிலோதானுங்ணா என்றேன்.

உப்பைக் கழுவி எடுத்துப் பார்ப்போம் என்று சாம்பலுக்குப் பத்து மடங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி வடித்தோம். வடித்ததில் குளோரைடைக் காட்டிக்கொடுக்கிற வெள்ளி நைட்ரேட்டுச் சொட்டு விட்டதும் தயிராகத் திரண்டது. மூன்றாம் கழுவலில் லேசான கலங்கல் மட்டுமே. கழுவிய சாம்பலில் போட்ட கியூப் உப்பவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"அந்தத் தண்ணியை வெளிய வாய்க்கால்ல உட்றலாமுங்களா?"

அங்கேதான் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. நான் நொய்யல் கரைக்காரன். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானதைப் பார்த்து வளர்ந்தவன். 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போனவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. சாம்பலை விட்டுப் போன உப்பு தண்ணீரில்தானே இருக்கிறது? காரத் தண்ணீர் ஈயத்தையும் கரைத்து எடுத்து வந்திருக்கும்.

ஜப்பானில் இச்சிஹாராவில் 2001 முதல் இந்தச் சாம்பலைச் சிமெண்ட் சூளைக்குள்ளேயே விட்டு ஈகோசிமெண்ட் என்று செய்தார்கள். 1,300 டிகிரிக்கு மேலான சூட்டில் குளோரைடும் ஈயமும் ஆவியாகிவிடும். அதைத் தனித் தூசியாகப் பிடித்து உலோகத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கென்றே கட்டிய ஆலை அது. மிக்சரும் அச்சும் மட்டும் வைத்திருக்கிற ஒருவர் தலையில் அதைக் கட்டக் கூடாது.

அவரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, மேட்டூர்ச் சாம்பலுக்கே திரும்பிவிட்டார். வடித்த தண்ணீரைத் தட்டுகளில் ஊற்றிக் காய வைத்தோம். ஐந்து கிலோ சாம்பலிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ உப்பு வந்தது. மூடி போட்ட டப்பாவில் அடைத்து, 'ஈயம் இருக்கிறது, தொடாதே' என்று எழுதி அலமாரியில் வைத்தேன்.