பத்தில் ஏழு

எடுத்துவரப் பழக்குவதற்காக நான் எறிந்த டம்மிப் பொதி விழுந்த சத்தம் கேட்டதும் என் நாய் கருப்பனின் பின்தொடை நடுங்கியது.

ஆனால் எழவில்லை.

ஏற்காட்டில் இன்று காலை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இன்னும் கலையவில்லை. வாயோரம் எச்சில் நூலாக இறங்குகிறது, கண் மட்டும் காப்பிச் செடிக்குள்.

லேப்ரடாருக்கு ஓடி எடுத்துவரப் பெரிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பேர் சொல்லி அனுப்பும்வரை உட்கார்ந்திருப்பதுதான் பாடம். பத்து முறை எறிந்தால் ஏழு முறை நானே போய் எடுக்கிறேன். எல்லாவற்றுக்கும் அவனையே அனுப்பினால், விழுவதெல்லாம் தனக்குத்தான் என்று நினைத்துவிடுவான். (வீட்டுக் கடைக்குட்டியிடம் நாங்கள் செய்த தப்பு இதுதான். அது வேறு கதை.)

மிளகு பறிக்க வந்த அக்கா சிரித்துவிட்டார். "ஏனுங்க, நாயை உக்கார வெச்சுட்டு நீங்களே ஓடுறீங்களே?"

சரி, அடுத்தது அவனுக்கு என்று எறிந்தேன். அதே நொடி புதரிலிருந்து ஒரு காட்டுக்கோழி படபடவென்று கிளம்பியது. நான்தான் துள்ளிவிட்டேன், விசில் கையிலிருந்து நழுவியது.

கருப்பன் அசையவில்லை. தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான்.

எனக்குப் பேர் சொல்லவே மறந்துபோச்சு.